நூற்றறுபது மூடிகள்

என் மைத்துனி வாசுகியின் விடுப்பு விண்ணப்பம் மூன்றாம் முறையாகத் திரும்பி வந்தபோது, அதன் ஓரத்தில் சிவப்பு மையில் ஒரே ஒரு வரி எழுதப்பட்டிருந்தது: 'இந்த ஆய்வினால் என்ன பயன் என்பதைத் தமிழில் ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதிச் சனிக்கிழமை நேரில் கொண்டுவரவும்.' வாக்கியத்தில் பிழை ஏதும் இல்லை. அதுவே என் சினத்தை இரட்டிப்பாக்கியது. ஒரு சந்திப் பிழையாவது இருந்திருந்தால், அதைத் திருத்தித் திருப்பி அனுப்பிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். பிழையற்ற அநீதியை என்ன செய்வது?

வாசுகி என் மனைவி கொளஞ்சியம்மாளுக்குப் பதினேழு ஆண்டு இளையவள். தாய் இறந்தபின் எங்கள் வீட்டில் வளர்ந்தவள். விருத்தாசலத்தில் ஓர் அறக்கட்டளை நடத்தும் மகளிர் கல்லூரியில் கணிதம் கற்பிக்கிறாள். அந்த இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டில், தன் முப்பத்தெட்டாம் வயதில், சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் இரண்டாண்டு தங்கி ஆய்வு செய்ய அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. கல்லூரி விடுப்பு அளித்தால் போய்விட்டுத் தன் வேலைக்கே திரும்பலாம். அளிக்காவிட்டால் வேலையையோ ஆய்வையோ விட்டுவிட வேண்டும். பதில் சொல்ல நிறுவனம் வைத்திருந்த கெடு அடுத்த திங்கட்கிழமையோடு முடியவிருந்தது.

"நீங்க எழுதிக் குடுங்க மாமா. எனக்குத் தமிழ்ல எழுதுனா பரீட்சைக் கேள்வி மாதிரி வருது" என்றாள் சனிக்கிழமை காலையில்.

"எனக்குப் புரியாததைப் பற்றி நான் ஒரு வரியும் எழுத மாட்டேன்."

"முப்பத்தாறு வருஷம் புரிஞ்சிதான் பாடம் நடத்துனீங்களாக்கும்" என்று அடுக்களையிலிருந்து கொளஞ்சியம்மாளின் குரல் வந்தது.

ஆய்வுப் பொருளின் பெயர் என்ன என்று வாசுகியிடம் கேட்டேன். 'ஹையர் கேட்டகரி தியரி' என்றாள். 'உயர்வகைக் கோட்பாடு' என்று தாளின் உச்சியில் எழுதி அடிக்கோடிட்டேன்.

"பேரு வெச்சிட்டாரு. இனிமே புள்ள பொறந்தாப் போதும்" என்றாள் என் மனைவி.

"ரெண்டு பொருள் சமம்னு சொல்றோமில்ல மாமா" என்று வாசுகி தொடங்கினாள். "சமம்னு சொன்னா மட்டும் பத்தாது. எப்படிச் சமம்னு சொல்லணும். அது மொதப் படி. ரெண்டு பேரு ரெண்டு விதமா சமம்னு காட்டுனா, அந்த ரெண்டு விதமும் ஒன்னா வேறயா, ஒன்னுன்னா எப்படி ஒன்னுன்னு சொல்லணும். அது ரெண்டாம் படி. அந்த எப்படிக்கும் ஒரு எப்படி இருக்குது."

"இதற்கு முடிவு உண்டா?"

"இல்ல."

"முடிவில்லாத படிக்கட்டில் ஏன் ஏற வேண்டும் என்றுதான் அவர்களும் கேட்கிறார்கள்."

"தெரியுது. ஆனா சொல்ல வரல" என்றாள்.

தலைப்பு மட்டும் எழுதிய தாளோடு நாங்கள் புறப்பட்டோம்.

கல்லூரியின் தாளாளர் பழமலைநாதன் செராமிக் தொழிற்பேட்டையில் ஊறுகாய் ஜாடி செய்யும் பட்டறை வைத்திருப்பவர். கல்லூரி வேலைகளையும் அங்கிருந்தபடியே பார்ப்பார். பேட்டைக்குள் ஆட்டோ நுழைந்ததும் உலகத்தின் நிறம் குறைந்துவிடுகிறது. வேலியோரத்துக் கருவேல மரங்கள், மின்கம்பங்கள், சாலையோரம் படுத்திருக்கும் நாய்கள், எல்லாவற்றின் மேலும் வெண்மண் தூசி மெல்லிய உறைபோலப் படிந்திருக்கிறது. வெயில் அந்தத் தூசியில் பட்டு எங்கிருந்து வருகிறதென்று தெரியாத ஒளியாகப் பரவி நிற்கிறது. நிழல்கூட அங்கே வெளுத்துத்தான் விழும். பகல் பன்னிரண்டு மணிக்கு யாரோ ஒருவருடைய உறக்கத்துக்குள் நாங்கள் இறங்கி நடப்பதாக எனக்குத் தோன்றியது.

பட்டறை முற்றத்தில் உறக்கம் கலைந்தது. பழமலைநாதன் ஒரு தொழிலாளியின் முன்னால் நின்று கத்திக்கொண்டிருந்தார். அந்தத் தொழிலாளி சாமிக்கண்ணு. ஐம்பத்தைந்து வயதிருக்கும். மங்களூர்ப் பக்கத்தில் செங்கல் சூளையில் வேலை பார்த்துவிட்டுச் சென்ற மாதம்தான் இங்கே சேர்ந்தவர். அவருக்குப் பின்னால் நூற்றறுபது ஜாடிகள் வரிசை வரிசையாக, கண்ணுக்கு மிக அழகாக அடுக்கப்பட்டிருந்தன. அவற்றுக்கு எதிரே, அதே அழகோடு, நூற்றறுபது மூடிகள்.

"தனித்தனியா அடுக்குனா எண்றதுக்கு சுளுவா இருக்கும்னு பாத்தேன் மொதலாளி. எண்ணிட்டேன். இது நூத்தறுவது, அது நூத்தறுவது. ஒன்னும் கொறையல."

"கொறையலயாம்! ஏன்யா, பொண்ணு நூறு மாப்புள்ள நூறுன்னு எண்ணிட்டு கண்ண மூடிக்கிட்டு தாலி கட்டச் சொல்லுவியா?"

முற்றத்தில் வேலை செய்த பெண்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். எங்களைக் கண்டதும் பழமலைநாதன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். தூசி இன்னும் கூடியது.

"வாங்க வாத்யாரய்யா. வாங்க மேடம். சித்த ஒக்காருங்க. சாயங்காலம் ஆறு மணிக்கு வண்டி வருது. சேத்தியாத்தோப்பு மகளிர் குழுவுக்குப் போவ வேண்டிய சரக்கு. இந்த மனுஷன் என் தலையில கல்லத் தூக்கிப் போட்டுட்டாரு."

எனக்கு நடந்தது விளங்கவில்லை. ஜாடிகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. மூடிகளும் அப்படியே. எந்த மூடியை எந்த ஜாடியில் வைத்தால் என்ன? மேஸ்திரி பச்சமுத்து எனக்கு விளக்கினார். பச்சையாக இருக்கும்போது எந்த மூடியும் எந்த ஜாடியிலும் உட்காரும். ஆனால் நெருப்புக்குள் போனதும் ஒவ்வொரு ஜாடியும் தனக்குத் தோன்றியபடி நூலிழை அளவு சாய்ந்தும் வளைந்தும் கொள்ளும். அதனால்தான் வாயில் ஒட்டாதிருக்க வெண்பொடி தூவி, மூடியை ஜாடியின் மேலேயே வைத்துச் சுடுகிறார்கள். ஜாடி எப்படி வளைகிறதோ அப்படியே அதன் மூடியும் வளையும். சூளையிலிருந்து வந்ததும் ஜாடியின் காதையும் மூடியின் குமிழையும் ஒரு நூலால் பிணைத்துவிடுவது அந்தப் பட்டறையின் வழக்கம். பிணைக்கும் முன்பே சாமிக்கண்ணு பிரித்து அடுக்கிவிட்டார்.

"செங்கல்லுல இந்தத் தொல்ல கெடையாது" என்றார் சாமிக்கண்ணு, யாரையும் பார்க்காமல்.

வாசுகி அந்த இரண்டு வரிசைகளையும் மாறி மாறிப் பார்த்தபடி நின்றாள். பிறகு முதலாளியிடம், "இவர ஏசாதீங்க. எங்க ஆளுங்க எத்தனையோ வருஷம் பண்ண தப்பத்தான் இவரும் பண்ணிருக்காரு" என்றாள்.

"உங்க ஆளுங்கன்னா?"

"கணக்கு பாக்கறவங்க. இதையும் அதையும் எண்ணுவோம். சரியா இருந்தா சமம்னு போட்டுட்டுப் போயிடுவோம். எதுக்கு எது, எப்படின்னு கையில வெச்சிக்க மாட்டோம். சின்னக் கணக்குல ஒன்னும் தெரியாது."

"அப்பறம்?"

"அப்பறம் ஒரு நாளைக்கு வண்டி வரும்" என்றாள் வாசுகி.

பழமலைநாதன் சிரிக்கவில்லை. ஆனால் கத்துவதை நிறுத்தினார். பச்சமுத்துவும் நான்கு பெண்களும் பொருத்தும் வேலையில் உட்கார்ந்தார்கள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வாசுகியும் அவர்களோடு உட்கார்ந்தாள். என்னை ஜாடிகள் உலரும் கொட்டகையில் ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்து, எழுதுவதற்கு ஒரு பலகையும் கொடுத்தார்கள்.

கொட்டகைக்குள் சுடாத ஜாடிகள் ஈரம் உலர்ந்துகொண்டிருந்தன. மேலே ஒரு மின்விசிறி மிக மெதுவாகச் சுழன்றது. முற்றத்திலிருந்து மூடி ஜாடியில் உரசும் ஓசை வந்தபடி இருந்தது. பொருந்தாத மூடி கரகரத்தது. பொருந்தியது ஒரு சிறு முத்தம்போல ஓசையிட்டு அடங்கியது. தாளில் 'பயன்' என்று எழுதினேன். அதற்கு மேல் ஒரு சொல்லும் வரவில்லை. கண் அயர்ந்தேன் போலும்.

கொட்டகையின் சுவர்கள் விலகியிருந்தன. ஜாடிகளின் வரிசை வயல்களைக் கடந்து, வெள்ளாற்று மணலையும் கடந்து சென்றுகொண்டிருந்தது. ஒவ்வொரு ஜாடியிலிருந்தும் இன்னொன்றுக்கு ஒரு நூல் ஓடியது. இரண்டு நூல்கள் ஒரே இடத்தில் தொடங்கி ஒரே இடத்தில் முடிந்தபோது, அவற்றுக்கு நடுவே தறியில் ஊடைபோல வேறு நூல்கள் குறுக்கே படர்ந்து மெல்லிய துணியாயின. துணிக்கும் துணிக்கும் இடையே இன்னும் ஏதோ ஒன்று, பெயரற்றதாக, பனிபோல் நிறைந்திருந்தது. ஜாடிகளுக்கு நடுவே என் பழைய மாணவர்கள் சீருடையில் நின்றார்கள். ஒரு வாக்கியத்தைச் செயப்பாட்டுவினையாக்கிப் பின்பு எதிர்மறையாக்கியவர்கள் ஒரு பக்கம். முதலில் எதிர்மறையாக்கிப் பின்பு செயப்பாட்டுவினையாக்கியவர்கள் மறுபக்கம். விடை ஒன்றே என்பதால் எல்லாருக்கும் ஒரே மதிப்பெண் வழங்கியிருந்தேன். அவர்கள் மதிப்பெண்ணைக் குறை கூறவில்லை. 'நாங்க வந்த வழிய எங்க ஐயா வெச்சிருக்கீங்க?' என்று மட்டும் கேட்டார்கள். என் கைகளைப் பார்த்தேன். அவற்றில் தூசிதான் இருந்தது.

விழித்தபோது மணி நான்கு. சாமிக்கண்ணு ஒரு தம்ளரில் டீ கொண்டுவந்து நீட்டினார். "ஐயா நல்லா தூங்கிட்டாங்க. மேடந்தான் எழுப்ப வேணாம்னாங்க" என்றார். நான் உறங்கவில்லை, சிந்தித்துக்கொண்டிருந்தேன் என்று கூறினேன். "அதான் சத்தம் கேட்டுச்சு" என்றார் அவர்.

முற்றத்தில் பாதிக்கு மேல் முடிந்திருந்தது. பொருத்தியவற்றுக்கு நூல் கட்டும் பொறுப்பு சாமிக்கண்ணுவுடையது. நான் பார்த்துக்கொண்டிருந்தபோது, கட்டி முடித்த ஒரு ஜாடியின் மூடி சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று ஐயுற்று அதை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி மறுபடியும் பழைய இடத்திலேயே உட்காரவைத்தார். நூல் குமிழைச் சுற்றி ஒரு முறை வளைந்துகொண்டது.

"இப்ப இது மின்ன இருந்த மாதிரிதான மேடம் இருக்குது?" என்று வாசுகியிடம் கேட்டார்.

"மூடியக் கேட்டா ஆமாங்கும். நூலக் கேளுங்க."

"நூலு சுத்திக்கிச்சே."

"அதான். மூடி எங்கயும் போவல. ஆனா ஒரு சுத்து சுத்திட்டு வந்துருக்குது. ரெண்டு சுத்து வந்தா நூலு ரெண்டு வளையம் காட்டும். நூல அறுத்துப் போட்டுட்டா எல்லாம் ஒன்னுதான். நான் அந்த நூல அறுக்காம கொண்டுபோவணும்னு பாக்கறேன், அவ்ளோதான்."

"எங்க கொண்டுபோவணும்?"

"தெரியல" என்றாள் வாசுகி.

சாமிக்கண்ணு அந்தப் பதிலில் குறையேதும் காணவில்லை. தலையை அசைத்துவிட்டு அடுத்த ஜாடிக்கு நூல் வெட்டினார்.

ஐந்தரை மணிக்கு ஒரு விந்தை நேர்ந்தது. நூற்றைம்பத்து மூன்று ஜாடிகள் பொருந்திக் கட்டப்பட்டுவிட்டன. ஏழு ஜாடிகள் எஞ்சின. ஏழு மூடிகளும் எஞ்சின. அந்த ஏழில் எதுவும் எதன் மேலும் உட்காரவில்லை. பச்சமுத்து ஒவ்வொன்றையும் ஒவ்வொன்றின் மேலும் வைத்துச் சுழற்றிப் பார்த்தார். எல்லாம் கரகரத்தன.

"ஏழு இருக்குது, ஏழு இருக்குது. அப்பறம் என்னா கேடு?" என்றார் பழமலைநாதன்.

பச்சமுத்துவுக்குக் காரணம் தெரிந்திருந்தது. சொல்லத் தயங்கினார். வாசுகிதான் சொன்னாள்: "கட்டி வெச்சதுல எங்கயோ தப்பு இருக்குதுங்க. கிட்டத்தட்ட ஒக்காந்துச்சுன்னு யாரோ சரின்னு விட்டுருக்கோம். நானாக்கூட இருக்கலாம். அங்க அப்ப தெரியல. இங்க வந்து தெரியுது."

"எதுல தப்பு?"

"அது இந்த ஏழப் பாத்தா தெரியாது. பிரிச்சிதான் பாக்கணும்."

பழமலைநாதன் அந்த ஏழு ஜாடிகளையும் நெடுநேரம் நோக்கினார். தூசி மூடிய கண்ணாடிக்குப் பின்னால் அவர் கண்கள் சிறிதாகி, பின் பெரிதாயின. "ஒவ்வொன்னா பாத்தா சரி. மொத்தமா சேத்தா சேரல" என்று தமக்குத்தாமே கூறிக்கொண்டார். பிறகு வாசுகியிடம் திரும்பி, "இதத்தான் படிக்கப் போறீங்களா மேடம்?" என்றார்.

"இந்த மாதிரிதான். சின்னச் சின்னத் துண்டா பொருத்திப் பெருசா ஒன்னு கட்டறோம். ஒவ்வொரு எடத்துலயும் எப்படிப் பொருந்துச்சுன்னு கூடவே எடுத்துட்டுப் போவலைன்னா, கடைசில இப்படி நிக்கும். எங்க தப்புன்னும் தெரியாது."

அவர் முகம் தெளிந்தது. என்னிடம் விரைந்து வந்தார். "வாத்யாரய்யா, எழுதுங்க. இந்த ஆய்வு முடிஞ்சா பீங்கான் தொழிலுக்குப் பெரிய ஒதவி, மூடி பொருத்தறதுல வர்ற நட்டம் கொறையும்னு எழுதுங்க. மத்த டிரஸ்டிங்க எல்லாரும் பேட்டைக்காரங்கதான். பாத்த ஒடனே கையெழுத்துப் போட்டுடுவாங்க. ரெண்டு வருஷம் முழுசா கெடைக்கும்."

என் மடியில் தாள் இருந்தது. எழுதினேன். 'இவ்வாய்வு நிறைவுறுமாயின், பீங்கான் கலங்களைப் பொருத்துவதில் நேரும் இழப்பு பெரிதும் குறையும் என்பது திண்ணம்.' எழுவாய் தன் பயனிலையோடு கச்சிதமாகப் பொருந்தியிருந்தது. சந்தியில் குறையில்லை. அவளுடைய இரண்டாண்டு அந்த ஒரு வரியில் அடங்கியிருந்தது. அவளை வளர்த்த என் மனைவியின் முகத்தை நினைத்துக்கொண்டேன். இந்த அறக்கட்டளைக்காரர்கள் பயனைக் கேட்டார்கள். கேட்டதைக் கொடுத்துவிட்டுப் போவதில் என்ன குற்றம் என்று என் சினம் எனக்கே வாதாடியது.

வாசுகி என் தோளுக்குப் பின்னால் வந்து நின்று படித்தாள்.

"பொய்யி மாமா."

"பொய் இல்லீங்க மேடம்" என்றார் பழமலைநாதன். "சிபாரிசு."

"இந்த நூத்தம்பத்து மூனும் என் கணக்கா பொருத்துச்சு? பச்சமுத்து கை பொருத்துச்சு. நான் படிச்சிட்டு வந்தாலும் அவரு கைதான் பொருத்தும். நான் வந்து ஒரு மூடியையும் சரி பண்ண மாட்டேன்."

"அப்ப எதுக்குப் போறீங்க?"

"நூலு எங்க போவுதுன்னு பாக்க."

நான் அந்த வரியை அடித்தேன். பிழையற்ற ஒரு வாக்கியத்தை என் கையால் நான் அடித்தது அதுவே முதல் முறை. தாளைத் திருப்பிப் புதிதாக எழுதினேன். இம்முறை சொற்கள் தாமாக வந்தன.

'இரண்டு பொருள்கள் ஒன்றே என்று கூறுவது எளிது. எவ்வாறு ஒன்று என்பதையும் உடன் கூற வேண்டும் என்பது கணிதர்களின் புதிய ஒழுக்கம். அந்த எவ்வாறுகளுக்குள்ளும் ஒற்றுமை உண்டா, உண்டெனில் அதுவும் எவ்வாறு என்று அவர்கள் மேன்மேலும் கேட்கிறார்கள். ஒரு படியில் கைவிட்டது எங்கோ பல படிகளுக்கு அப்பால் குறையாக வந்து நிற்பதைக் கண்டவர்கள் அவர்கள். ஆதலால் எதையும் கைவிடாமல் ஏற முயல்கிறார்கள். இதனால் இந்த ஊருக்கோ இந்தத் தொழிலுக்கோ இன்ன பயன் விளையும் என்று விண்ணப்பதாரர் கூறவில்லை. தமக்குத் தெரியாத ஒன்றைத் தெரியும் என்று அவர் கூற மறுக்கிறார். அப்படி மறுக்கும் ஒருவர் உங்கள் கல்லூரியில் கற்பிக்கிறார் என்பதை மட்டும் தெரிவித்துக்கொள்கிறேன்.'

பழமலைநாதன் தாளை வாங்கி நின்றபடியே இருமுறை படித்தார். வாயிலில் வண்டி வந்து நின்று ஒலி எழுப்பியது. ஓட்டுநர் தலையை நீட்டி, "சரக்கு ரெடியா?" என்றார். பழமலைநாதன் கட்டி வைத்த ஜாடிகளைப் பார்த்தார், ஏழைப் பார்த்தார், மறுபடியும் தாளைப் பார்த்தார்.

"டீ சாப்ட்டுட்டு வாப்பா. நேரமாவும்" என்று ஓட்டுநரிடம் கூறினார். பிறகு வாசுகியிடம், "ரெண்டு வருஷத்துக்கு இத வெச்சிக்கிட்டு என்னால மத்தவங்கள ஒத்துக்க வெக்க முடியாது மேடம். ஒரு வருஷம் என் பொறுப்புல தரேன். அது தாளாளர் அதிகாரம். ரெண்டாவது வருஷத்துக்கு நீங்களே வந்து அவங்ககிட்ட பேசுங்க. மூடிக்கு ஒதவும்னு சொல்லியிருந்தா ரெண்டும் கையோட கெடைச்சிருக்கும்" என்றார்.

"தெரியுதுங்க" என்றாள் வாசுகி.

அவர் சிவப்பு மைப் பேனாவைத் தேடி, கிடைக்காமல், என் பேனாவை வாங்கி, விண்ணப்பத்தில் 'இரண்டு' என்ற சொல்லை அடித்து 'ஒரு' என்று எழுதினார். 'ஆண்டுகள்' என்பதைத் திருத்த மறந்தார். நான் சுட்டிக்காட்ட வாயெடுத்து, அடக்கிக்கொண்டேன். அவர் கையெழுத்திட்டார்.

ஓராண்டில் என்ன முடியும் என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது. வாசுகியின் முகத்தில் கோபம் இல்லை. சென்னைக்குப் போன் செய்ய வேண்டுமே, வீட்டுக்குப் போகலாமா என்று கேட்டேன். திங்கட்கிழமை வரை நேரம் இருக்கிறது என்றாள். தாளை மடித்துக் கைப்பையில் வைத்துவிட்டு, கட்டி வைத்திருந்த ஜாடிகளின் முதல் வரிசைக்கு முன்னால் பச்சமுத்துவுக்குப் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். சாமிக்கண்ணுவும் வந்து உட்கார்ந்தார். மாலை வெயில் வெண்தூசியில் இறங்கி, முற்றத்தில் எல்லாரும் ஒரே மண்ணில் வார்த்த உருவங்கள்போல் தெரிந்தார்கள்.

"எந்தப் பக்கத்துலேர்ந்து அவுக்கறது மேடம்?" என்றார் சாமிக்கண்ணு.

"நான் கட்டச் சொன்னதுலேர்ந்து" என்று கூறி, வாசுகி முதல் முடிச்சை நகத்தால் நெகிழ்த்தத் தொடங்கினாள்.